நாய் என்னிடம்தான் வந்தது

வெள்ளையம்மாள் என்றொரு பெண் இடிந்த சுவருக்கடியில் உயிரோடு கிடந்தாள். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் கலியாணம் நின்றுபோகும் என்று பயந்தேன். அவள் செத்துப்போனாள். எனக்குக் கலியாணம் நடந்தது.

பத்து வருடமாக மனத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்த சங்கதி, எழுதும்போது ஐந்தாறு வரிகளில் அடங்கிவிட்டதே! இவ்வளவுதானா என்று எனக்கே திகைப்பாக இருக்கிறது.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை நல்லவள் என்று நினைக்கிறார்கள். எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் நடந்தால் ஜெபம் பண்ண என்னைத்தான் முதலில் எழுப்புவார்கள். நானும் எழுந்து நிற்பேன். கண்ணை மூடிக்கொண்டு நன்றாகத்தான் ஜெபிப்பேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

என் பெயர் ரஞ்சிதம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சாத்தூர் சாலையில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. மிஷன் விடுதியில் வளர்ந்தவள். விடுமுறை விட்டால் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அப்பாவோ மாமாவோ வருவார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் என் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேனாம். விடுதி அம்மாள் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்.

என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை... இதைச் சொல்லி உங்கள் இரக்கத்தைப் பறிக்கப் பார்க்கவில்லை. ஆனால் இது தெரியாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

சுற்றுவட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் எங்கே வெடித்தாலும் ஆட்களை எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். வெந்த உடம்பைத் துணியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வாழையிலையில்தான் கிடத்த வேண்டும். தீபாவளி சீசன் நெருங்கினால், ஆஸ்பத்திரித் தோட்டத்து இலையை ஒருவரும் சாப்பாட்டுக்கு அறுக்கக் கூடாது என்று மேட்ரன் அம்மா உத்தரவு போட்டுவிடுவார். நாங்கள் அந்த மாதங்களில் தட்டில்தான் சாப்பிடுவோம்.

ஆஸ்பத்திரி வேனை ஓட்டியவர் மாசிலாமணி. முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தவர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். அங்கே ஒரு வெள்ளைக்கார சார்ஜண்ட் வைத்திருந்த நாய், குண்டு விழுந்து மூடிப்போன பள்ளங்களில் உயிரோடு கிடந்தவர்களை மோப்பம் பிடித்துக் காட்டியதைக் கண்ணால் கண்டிருக்கிறார். அந்தக் காட்சி அவரை விடவே இல்லை.

ஒரு விபத்து முடிந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் முதன்முதலாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினார்.

"வெந்து சாகிறவுகளைக் கர்த்தர்தான் காப்பாத்தணும், சிஸ்டர். ஆனா இடிஞ்ச ஷெட்டுக்கு அடியில மூச்சு முட்டிச் சாகிறவுகளை நாமதான் சாகவிடுறோம். ஆள் அங்கன கிடக்கும், நாம இங்கன தோண்டிக்கிட்டு இருப்போம்."

அந்த மாதமே சாத்தூர் ரயிலடியில் அலைந்துகொண்டிருந்த ஒரு செவலை நிறப் பெட்டைக்குட்டியைத் தூக்கி வந்தார். பக்கத்திலேயே சிப்பிப்பாறை நாய்கள் இருக்க, இந்தத் தெருநாய் எதற்கு என்று எல்லாரும் கேலி செய்தார்கள். "அது கண்ணால ஓடுற சாதி. எனக்கு மூக்கால யோசிக்கிற நாய் வேணும்" என்றார். அதற்குச் செவலை என்றே பெயர் வைத்தார்.

எப்படிப் பழக்குவது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். என் குற்றம் முழுவதும் அந்தப் பழக்கத்துக்குள்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கரிசல் காடு. அதில் காய்ந்த பருத்திச் செடிகளை அடுக்கிவைத்த பருத்திமார் போர்களும், பாதி இடிந்த ஒரு மாட்டுக்கொட்டகையும், கைவிட்ட செங்கல் சூளையும் இருந்தன. சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் அரைமணி நேரம். மாசிலாமணி நாயோடு வேன் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நேரத்தில் ஓர் ஆள் எங்கேயாவது ஒளிந்துகொண்டு மாரையோ சாக்கையோ மேலே இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். எங்கே என்பது அவருக்கும் தெரியக் கூடாது. பிறகு நாயை அவிழ்த்துவிடுவார். அது தேடிக் கண்டுபிடித்து, உட்கார்ந்து, இரண்டு முறை குரைக்கும். அவர் ஓடிவந்து மூடியதை விலக்கி, ஆளைக் கைகொடுத்துத் தூக்குவார். ஒளிந்தவர் நாய்க்குக் கருப்பட்டித் துண்டு கொடுத்துக் கொஞ்ச வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதியை மட்டும் அவர் ஆணியடித்த மாதிரி சொன்னார். "ஒரே ஆள் ஒளியக் கூடாது. ஒரே ஆளைத் தேடிப் பழகினா நாய் அந்த ஆளைத்தான் தேடும். மனுசரைத் தேடாது. தெரிஞ்சவுக, தெரியாதவுக, ஆம்பளை, பொம்பளை, வெடிமருந்து வாடை ஒட்டின கம்பெனி ஆளுக... எல்லாரும் மாறி மாறி ஒளியணும்."

இதற்காக ஆட்களைப் பேசிவைத்திருந்தார். என்னோடு வேலைபார்த்த நர்ஸ் கிருபை, காவற்காரரும் அவர் மனைவியும், ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை, காட்டுப் பாதையாக வேலை முடிந்து போகும் கம்பெனிப் பெண்கள் சிலர். யார் எந்த நாள், எந்த இடம் என்று முடிவுசெய்து அவர்களை ஒளியவைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் சரியா செய்வீக" என்றார்.

முதல் நாள் நான் ஒளிந்தேன். பருத்திமாருக்கடியில் குப்புறப் படுத்திருந்தேன். மண் வாடை. எறும்பு கடித்தது. தூரத்தில் நாய் மூச்சிரைக்க வருவது கேட்டது. பிறகு குரைப்பு. மார் விலகியது. வெளிச்சத்தில் மாசிலாமணியின் முகம்... அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அது சும்மா பயிற்சிதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் காணாமற்போன ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று அந்த முகம் முழுவதும் சந்தோஷப்பட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.

வண்டிச் சத்தத்துக்கெல்லாம் பெட்டியோடு ஓடிய அந்தக் குழந்தை அன்றைக்குத்தான் நின்றாள். என்னைத் தேடி ஒருவர் வந்துவிட்டார்!

மறுநாள் கிருபையின் முறை. "உனக்கு வார்டில் வேலை இருக்குமே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அதற்கு மறுநாள் காவற்காரர் மனைவிக்குத் தலைவலி என்று நானே ஒரு தலைவலியை உண்டாக்கினேன். மாசிலாமணி மாரை விலக்கிப் பார்த்து, "இன்னைக்கும் நீங்கதானா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கவலையும் இருக்கும். கொஞ்சம் வேறொன்றும் இருக்கும். மிஷன் வளாகத்தில் கலியாணமாகாத ஆணும் பெண்ணும் இரண்டு நிமிடம் நின்று பேசினால் மூன்றாவது நிமிடம் மேட்ரன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும். ஆனால் நாய் கண்டுபிடித்தவளைக் கைகொடுத்துத் தூக்குவதை யார் தடுக்க முடியும்?

கம்பெனிப் பெண்களில் ஒருத்திதான் வெள்ளையம்மாள். முப்பது வயது இருக்கும். ஆறு வயதில் ஒரு மகள். முந்தின வருடம் தோளில் தீக்காயம் பட்டு எங்களிடம் கிடந்து பிழைத்தவள். அந்த நன்றிக்காக, வேலை முடிந்த அலுப்பிலும் ஒளிவதற்கென்றே பாதையை விட்டு இறங்கி வருவாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி அப்பிக் கை வெள்ளியாக மினுங்கும்.

நான் அவளை வேலியருகிலேயே நிறுத்தி, "இன்னைக்கு ஆள் இருக்கு, நாளைக்கு வாங்க" என்பேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசித் தடவை அவள் சிரித்துக்கொண்டே, "என்ன நர்ஸம்மா, உங்க நாய்க்கு எங்க வாடையே ஆகாது போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவலை ஒரு தடவைகூட அவளை முகர்ந்ததில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். சாத்தூருக்கு மருந்து வாங்கப் போய்த் திரும்பும்போது, வேனில் பின்னால் காவற்காரர் உட்கார்ந்திருக்க, மாசிலாமணி சாலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "சிஸ்டர், உங்களைப் பத்தி ஐயர்கிட்டப் பேசட்டுமா?"

எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்பார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது தெரியவில்லை. பிறகு "பேசுங்க" என்றேன்.

"ஆனா ஒரு பொருத்தனை இருக்கு. இந்த நாயைக் கர்த்தருக்குன்னு ஒப்புக்கொடுத்திருக்கேன். அது பழகி முடிஞ்சு, சபைக்கு முன்னால காட்டின பொறவுதான் ஓலை வாசிக்கச் சொல்லுவேன்."

ஓலை என்பது எங்களுக்குக் கலியாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிப்பார்கள்.

அடுத்த வாரமே சோதித்துப் பார்க்கலாம் என்று கிருபையை ஒளியச் சொன்னார். இந்த முறை தப்பிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. கிருபை சூளைக்குள் ஒளிந்தாள். செவலை அவளைத் தாண்டி இரண்டு முறை ஓடியது. நின்று காற்றை முகர்ந்தது. பிறகு நேராக நர்ஸ் விடுதிக்கு ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சேலைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு முறை குரைத்தது.

மாசிலாமணி அன்று சாப்பிடவில்லை என்று காவற்காரர் சொன்னார். மறுநாள் என்னிடம் வந்து, "தப்பு என்னுதுதான். முதல்லேருந்து பழக்கணும். ஒரு வருசம் ஆகும். நீங்க இனிமே ஒளிய வேண்டாம்" என்றார்.

ஒரு வருடம்! அவருக்கு அது நாய்க்கான ஒரு வருடம். எனக்கு, கைக்கு வந்தது கைநழுவிப் போகும் ஒரு வருடம். அதற்குள் அவருக்கு மனம் மாறாது என்று என்ன நிச்சயம்? இன்னொருத்தியை மாருக்கடியிலிருந்து தூக்கும்போது அந்த முகம் அவளைப் பார்த்தும் மலராதா?

நான் செய்ததை இனி மறைக்காமல் சொல்கிறேன். ஒளிய வருகிறவர்களிடம் என் பழைய போர்வையைக் கொடுத்தேன். "தூசி படாமல் தலையோடு போர்த்திக்கொள்ளுங்கள்" என்றேன். நான் ஒரு வாரம் போர்த்திப் படுத்த போர்வை அது. வாடை குறைந்தால் மறுபடி எடுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டு, இன்னொன்றைக் கொடுப்பேன். கிருபை ஒளிந்தாள், நாய் கண்டுபிடித்தது. காவற்காரர் ஒளிந்தார், கண்டுபிடித்தது. கோயில்பிள்ளையையும் கண்டுபிடித்தது. மாசிலாமணிக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். போர்வையைப் பார்த்து, "நல்ல யோசனை, கண்ணுல தூசி விழாது" என்று பாராட்டவும் செய்தார். மூன்றே மாதத்தில் நாய் தேறிவிட்டது என்று கர்த்தரைத் துதித்தார்.

அது தேறவில்லை. அது என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ஆலயத்துப் பொது விருந்தான அசனத்தன்று, சபையார் எல்லாரும் பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆலயத்துக்குப் பின்னால் நாயைக் காட்டினார். இரண்டு பட்டாசுக் கம்பெனி முதலாளிகளும் அழைப்பின் பேரில் வந்திருந்தார்கள். மூன்று பேர் மூன்று இடத்தில், என் மூன்று போர்வைகளுக்குள் ஒளிந்தார்கள். செவலை மூன்று பேரையும் காட்டியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு முதலாளி, "இது நாயில்லீங்க, காவல் தெய்வம்" என்றார். மாசிலாமணி நெளிந்தார். குருவானவர் நாயின் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்.

அந்த ஞாயிறு முதலாம் ஓலை. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் ஜன்னல்கள் அதிர்ந்தன. எங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். யாரும் யாரையும் கேட்காமல் வேனில் ஏறினோம். அவர், நான், நாய்.

கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதையொட்டிய நீள ஷெட் சரிந்து, கல்லும் ஓடும் உத்தரமும் குவிந்து கிடந்தன. வெளியே வந்தவர்களைப் போர்மேன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தியைத்தான் காணவில்லை. வெள்ளையம்மாள்.

அவள் ஷெட்டுக்குள் இருந்தாள் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, பயந்து கண்மாய்ப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன் என்று இன்னொருத்தி சொன்னாள். நாற்பது ஆண்கள் கடப்பாரையோடு நின்றார்கள். மாசிலாமணி அவர்களைப் பார்த்து, "யாரும் மேல ஏறாதீக. பேசாம நில்லுங்க. நாய் காட்டும், காட்டின இடத்துல தோண்டலாம்" என்றார். அசனத்தன்று பார்த்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். எல்லாரும் விலகி நின்றார்கள். அவ்வளவு பேர் அவரை நம்பினார்கள்.

அவர் ஒரு வரி ஜெபித்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

செவலை இடிபாட்டின்மேல் ஏறியது. மேற்கு மூலையில் ஓரிடத்தில் நின்றது. மூக்கைக் கற்களுக்கிடையில் விட்டுப் பார்த்தது. வாலை ஆட்டலாமா வேண்டாமா என்று தயங்கியது... இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சமயம் என் பக்கமிருந்து காற்று அடித்தது. அது தலையைத் தூக்கியது. நேராக ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்து இரண்டு முறை குரைத்தது.

"வேனுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கங்க, ரஞ்சிதம்" என்றார். முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். போனேன். மறுபடி அவிழ்த்துவிட்டார். அது வேன் கதவைப் பிறாண்டிக் குரைத்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஏன் உங்ககிட்டயே வருது?"

இதுதான் அந்த நிமிடம். 'நாயை நம்பாதீக, அது என்னை மட்டும்தான் தேடும், மேற்கு மூலையைத் தோண்டுங்க.' இவ்வளவு சொன்னால் போதும். நாற்பது பேர் கடப்பாரையோடு பக்கத்தில் நிற்கிறார்கள். சொல்லியிருந்தால் அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறும். மூன்றாவது ஓலை வாசிக்கப்படாது. இந்த இரண்டையும் நான் மனத்தில் நிறுத்துப் பார்த்தேன். பதற்றத்தில் வாயடைத்துப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் நிறுத்துத்தான் பார்த்தேன்!

"மருந்து வாடை மூக்கைக் கெடுத்திருச்சு போலிருக்கு" என்றேன்.

அவர் தலை குனிந்தது. போர்மேன், "ஆள் இருந்தா நாய் காட்டியிருக்குமே, அவ ஓடித்தான் இருப்பா" என்று தீர்மானமாகச் சொன்னார். அதற்குள் பொழுதும் சாயத் தொடங்கிவிட்டது. நாற்பது பேரும் கண்மாய்ப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அவள் பெயரை அவர்கள் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்குமா? தூரமாகப் போய்க்கொண்டே இருக்கும் அந்தக் குரல்கள்... இதை நான் யோசிக்காத நாளில்லை.

மறுநாள் காலையில் கல்லை அகற்றியபோது மேற்கு மூலையில் கிடைத்தாள். உத்தரம் ஒன்று குறுக்கே விழுந்து அவளுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருந்தது. உடம்பைக் கழுவிச் சுற்றும் வேலை என்னுடையது. ஒரு தீக்காயம் இல்லை. எலும்பு முறிவு இல்லை. கைவிரல் நகங்கள் பிய்ந்து, சதைக்குள் சுண்ணாம்பும் மண்ணும் ஏறியிருந்தன. வெகுநேரம் சுரண்டியிருக்கிறாள். நான் அந்தக் கைகளைத் துணியால் மணிக்கட்டு வரை சுற்றிவிட்டேன். மரியாதைக்காகச் சுற்றுகிறேன் என்று கிருபை நினைத்தாள்.

வராந்தாவில் மாசிலாமணி நின்றிருந்தார். "உடனே போயிட்டாளா?" என்று கேட்டார்.

"உடனே" என்றேன்.

அவர் கலியாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார். "நான் பழக்கின நாய் ஒரு உயிரைக் காட்டலை. இந்த நேரத்துல ஓலையா?" என்றார். நான் கர்த்தருடைய சித்தம் என்றேன். சபையில் அறிவித்ததை நிறுத்துவது நல்லதல்ல என்றேன். தேவனுடைய பெயரையும் இழுத்து என் காரியத்துக்கு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையை வாசித்த குருவானவர், தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போதே தெரிவிக்கும்படி கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். சபை முழுவதும் அமைதி. தடை அறிந்தவள் ஒருத்தி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் அமைதி.

செவலையை அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தெற்கே போகும் ஓர் ஆட்டுக் கிடைக்காரரிடம் ஒப்படைத்தார். ஆடுகளுக்குப் பின்னால் நடந்துபோன அது திரும்பித் திரும்பி என்னையே பார்த்தது.

அவரைப் போல ஒரு புருஷன் யாருக்கும் வாய்க்க மாட்டார். நான் வேலை முடிந்து வரத் தாமதமானால் லாந்தரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார். சந்தைக் கூட்டத்தில் என் தலை தெரியாவிட்டால் கடை கடையாகத் தேடுவார். நான் கேட்டது இதுதானே? கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒவ்வொரு முறை அவர் என்னைக் கண்டுபிடித்து முகம் மலரும்போதும் எனக்குக் கூசுகிறது. கூசினாலும் அது வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்டவள் நான்.

வெள்ளையம்மாளின் மகள் இப்போது தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தவறாமல் அவர் அவளைப் பார்க்கப் போவார். என்னையும் அழைத்துப்போவார். அந்தப் பெண் எனக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுக்கும். அம்மாவைக் கடைசியாகக் கழுவிச் சுற்றிய கை என்று அதற்கு என்மேல் அத்தனை பிரியம்.

போன கோடையில் திருத்தங்கலிலிருந்து ஓர் அச்சகக்காரர் வந்தார். சாக்கில் ஒரு நாய்க்குட்டி. அசனத்தன்று செவலையைப் பார்த்ததை மறக்கவில்லையாம். "நீங்க பழக்கித் தாங்க. எம்புட்டு விபத்து நடக்குது பாக்குறீகள்ல" என்றார். குட்டி மாசிலாமணியின் காலை நக்கியது. இவர் குனிந்து அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அந்த விரல்களில் இருந்த ஆசையை நான் பார்த்தேன்.

பிறகு நிமிர்ந்து, "வேண்டாம்யா. என் கையில பழகினா தப்பாத்தான் பழகும்" என்றார். குட்டி திரும்ப பஸ் ஏறிப் போயிற்று.

'தப்பு உங்கள் மேல் இல்லை' என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால்தான் சொல்லவில்லை. அன்று அவரே பேச்சை எடுத்தார்.

"ரஞ்சிதம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். வெள்ளையம்மா உடனே சாகலைன்னு எனக்குத் தெரியும். கல்லைத் தூக்கினதே நான்தான. அவ கையைப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு உன்கிட்டக் கேட்டேன்."

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நான் தாங்க மாட்டேன்னு நீ எனக்காகப் பொய் சொன்ன. அந்தப் பொய்யைக் கர்த்தர் மன்னிச்சிட்டாரு. நீ அதை மனசுல வச்சுக்கிட்டு வருத்தப்படாத" என்றார்.

எத்தனையோ பொய்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை அன்பு என்று எண்ணி மன்னித்தார். நான் அழுதேன். அந்த மன்னிப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவிக்கொடுத்தார். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்... நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள். உங்களை என்னோடு சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

போன வாரம் மறுபடி ஒரு ஷெட் சரிந்தது. அவர் இப்போது வேன் ஓட்டுவதில்லை. ஆனாலும் சத்தம் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே மூன்று பேர். எங்கே என்று தெரியாமல் மூன்று இடத்தில் தோண்டியிருக்கிறார்கள். இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். மூன்றாவது ஆளை எடுத்தபோது உடம்பில் சூடு மட்டும் இருந்ததாம். கொஞ்சம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தார். சூடேறிய கற்களை வெறுங்கையால் அள்ளியதில் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்திருந்தன. நாற்காலியில் உட்காரவைத்துக் கழுவி மருந்து போட்டேன்.

"ஒரு நாய் இருந்திருந்தா, ரஞ்சிதம்..." என்றார். "நான் மட்டும் ஒழுங்கா பழக்கத் தெரிஞ்சவனா இருந்திருந்தா..."

"கையை அசைக்காதீக" என்றேன்.

அவர் அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளுக்கும் துணி சுற்றி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் அவர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை.